பொன்னம்மாள் காய்ச்சிய திராட்சரசம்

ஆரணி லுத்தரன் சபைக்குத் திருவிருந்து ரசம் காய்ச்சிக் கொடுத்தவள் பொன்னம்மாள். காய்ந்த கறுப்புத் திராட்சையை வாங்கி, ஒவ்வொன்றாகக் காம்பு ஆய்ந்து, கழுவி, மெல்லிய தீயில் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் மாலையே கோயிலில் கொண்டுபோய் வைத்துவிடுவாள். திராட்சைக்காவது காசு வாங்கிக்கொள் என்று சபையார் சொல்வார்கள். "ஆண்டவர் ரத்தத்துக்கு பில்லு போடறதா? போங்கய்யா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அப்படிப்பட்ட பொன்னம்மாள் சாகும்போது, தான் காய்ச்சிய ரசத்தில் ஒரு துளிகூட நாக்கில் படாமல்தான் செத்தாள். அவள் கேட்டாள். அவளுக்கு இல்லை என்று சொன்ன பெண் இன்று பேராயர்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை பிற்பகல், அந்தப் பேராயர் ஆரணிக்கு வந்துகொண்டிருந்தார். பரிமளா அம்மாள் பட்டம் ஏற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அந்தத் திருச்சபையில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்தான். செங்கோலும் அங்கியும் காரின் பின்பக்கம் இருந்தன. மடியில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருந்தது. நோயாளிகளுக்கு வீட்டிலேயே அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுக்கப் போதகர்கள் எடுத்துப்போகும் பெட்டி அது. ஊர் எல்லை வந்ததிலிருந்து அதைக் கை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நேரா கோயிலுக்குத்தானே? மேளம்லாம் வெச்சிருக்காங்களாம். சபைச் செயலாளர் மூணு தபா போன் பண்ணிட்டார்" என்றான் கார் ஓட்டிய சதீஷ்.

"முதல்ல ஆரணிப்பாளையம் போ. ஒரு வீட்டைப் பார்த்துட்டுப் போயிடலாம்."

"வரவேற்பு அஞ்சு மணிக்கும்மா."

"போப்பா."

பட்டுத் தறிகள் ஓடும் தெருக்களில் கார் நுழைந்தது. இரண்டு பக்கமும் தறிச் சத்தம் வந்தது. பதினான்கு ஆண்டுக்கு முன்பு அந்தச் சத்தத்தில்தான் பரிமளா படுத்து எழுந்தாள்.

*

பரிமளா ஒரு மிஷன் பள்ளி ஆசிரியரின் மகள். குருக்கல்லூரியில் நான்கு ஆண்டு படித்தவள். கிரேக்கத்தில் அவளுக்குத்தான் முதல் பரிசு. படிப்பு முடிந்ததும் கூடப் படித்த ஆண்களுக்குச் சபைகள் கிடைத்தன. அவளுக்கு ஆரணியில் உபதேசியார் வேலை கிடைத்தது. வீடுவீடாகப் போய் ஜெபிக்கலாம், பிரசங்கமும் செய்யலாம். ஆனால் பீடத்தைச் சுற்றிய கிராதித் தடுப்புக்கு உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது, திருவிருந்து கொடுக்கவும் கூடாது. பெண்களுக்கு அப்போது குருப்பட்டம் கிடையாது.

ஆரணிக்கும் சுற்றுப்பட்ட சபைகளுக்கும் சேர்த்துப் போதகர் இராஜமாணிக்கம் ஐயர். அந்தச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவர் குடியிருந்த குருமனை போளூரில் இருந்தது. மாதம் ஒரு முறை ஆரணிக்கு வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார்.

பரிமளா குடியிருந்தது மாணிக்கவேலின் தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில். மாணிக்கவேல் முருக பக்தர். நெற்றி நிறைய விபூதியோடு தறியில் உட்கார்ந்தபடி அவளை வம்புக்கு இழுப்பார்.

"இன்னா சிஸ்டர், நாலு வருஷம் படிச்சும் பூசை பண்ண வுட மாட்டேங்கறாங்களா? எங்கிட்ட ஒரு வருஷம் தறியில உக்காந்திருந்தா, இந்நேரம் முந்தியே போட வுட்டிருப்பேன்."

"வேலை காலி இருக்கா அண்ணே?"

"உங்க சாமி வுட்டா வாங்க."

பொன்னம்மாளும் அவள் மகள் கமலமும் மாணிக்கவேலிடம் நூல் சுற்றும் வேலை பார்த்தார்கள். மூன்று வீடு தள்ளி அவர்கள் வீடு. பொன்னம்மாள் விதவை. கமலம் பரிமளாவைவிட இரண்டு மூன்று வயது சிறியவள். வாய்க்கு வாய் அக்கா என்பாள். வெளியூர்ப் பெண் ஒண்டியாய்ச் சமைத்துத் தின்கிறாளே என்று, அந்த வீட்டில் குழம்பு கொதித்தால் ஒரு கிண்ணம் பின்அறைக்கு வந்துவிடும். சனிக்கிழமைகளில் பரிமளாவும் அங்கே போய் முறத்தின் முன்னால் உட்கார்ந்து திராட்சை ஆய்வாள். "காம்பை வுடாதடி கண்ணு, ரசம் துவர்க்கும். ஐயர் மூஞ்சி போற போக்கைப் பாத்திருக்கியா?" என்று பொன்னம்மாள் முகத்தைச் சுளித்துக் காட்டுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு. பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று திருச்சபைப் பேரவை அடுத்த மாதம் கூடி முடிவு செய்வதாக இருந்தது. எதிர்ப்பவர்கள் நிறையப் பேர். ஆரணிப் பெண் கிராதிக்குள் நின்று வேதம் வாசித்தாள் என்று ஏற்கெனவே யாரோ புகார் சொல்லியிருந்தார்கள். "ஒரு சின்னத் தப்புக்கும் இடம் கொடுக்காதே. உன் ஒருத்தி விஷயம் இல்லை இது, பின்னால் வருகிற எல்லாப் பெண்கள் விஷயமும்" என்று கல்லூரிப் பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பொன்னம்மாள் படுத்தாள். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. வேலூரில் பார்த்துவிட்டு வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் மதியம் கமலம் ஓடிவந்து கூப்பிட்டாள். பரிமளா போனபோது பொன்னம்மாள் பாயில் கிடந்தாள். கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"கண்ணு, எனக்கு திருவிருந்து வோணும்டி."

"ஐயரை வரச் சொல்றேன்மா."

"ஐயர் வர்ற வரைக்கும் நான் இருக்கணுமே. நீயே குடேன். அதோ பாரு, நான் காய்ச்சின ரசம் அலமாரியில கீது. கோயில் சாவியும் உன்னாண்டதான கீது. அப்பம் ஒண்ணு எடுத்தா."

கொடுத்தால் ஊர் அறியும். பேரவை அறியும். இதற்குத்தான் காத்திருந்தோம் என்பார்கள்.

"எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்றாள்.

பொன்னம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு, "அதுவும் சரிதான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பரிமளா தறிக்கூடத்துக்கு ஓடினாள். விஷயத்தைச் சொன்னதும் மாணிக்கவேல் நெய்துகொண்டிருந்த சேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து மொபெட்டை எடுத்தார். "ஜல்தியா போயிட்டு ஐயரை இட்டாந்துடலாம் சிஸ்டர்" என்றார். பரிமளா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். போளூர் குருமனை பூட்டிக் கிடந்தது. ஐயர் களம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வந்த வழியிலேயே இருந்த ஊர். அதைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள். திரும்பினார்கள். அரிசி ஆலை லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. கல்யாணப் பந்தியில் இருந்த ஐயர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு ஒரு காரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது கமலம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "போயிடுச்சு" என்றாள்.

இராஜமாணிக்கம் ஐயர் நல்ல மனிதர். ஜெபித்து முடித்து வெளியே வந்தபோது பரிமளாவிடம் மெல்லச் சொன்னார்: "குடுத்திருக்கலாமேம்மா."

"சட்டத்துல இடமில்லையே ஐயரே."

"சட்டம் எனக்கும் தெரியும்மா" என்றார் அவர்.

அடுத்த மாதம் பேரவை கூடி, பெண்கள் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. பரிமளாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

*

நான்கு ஆண்டு கழித்து அவளுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. முதலில் போன ஊரில் ஐயரம்மா, அதாவது ஐயரின் மனைவி, வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, "ஐயர் எப்ப வருவாரு?" என்று கேட்டுக்கொண்டு குருமனை வாசலில் கூட்டம் நின்றது. நான்தான் ஐயர் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. பெண் கையால் அப்பம் வாங்கமாட்டோம் என்று எழுந்து போனவர்கள் உண்டு. அவர்களில் பலர் பிறகு திரும்பி வந்தார்கள். சச்சரவில் கிடந்த சபைகளை அவர் ஒன்றாக்கினார். குருக்கல்லூரியில் பாடம் நடத்தினார். கடைசியில் பேரவையே வாக்களித்து அவரைப் பேராயர் ஆக்கியது. செங்கோலைக் கையில் வாங்கிய நாளில் ஊரெல்லாம் வாழ்த்தியது. அந்தக் கூட்டத்தில் அவர் கண் கமலத்தைத் தேடியது. வரவில்லை.

ஆரணிக்குப் போன போதகர்கள் சொல்வார்கள்: "கமலம்னு ஒருத்தங்க. இன்னும் அவங்கதான் ரசம் காய்ச்சுறாங்க. கோயிலுக்குத் தவறாம வருவாங்க. ஆனா திருவிருந்துப் பந்திக்கு மட்டும் எழுந்து வரமாட்டாங்க. ஏன்னு கேட்டா சிரிச்சுட்டுப் போயிடறாங்க."

இதைக் கேட்கும்போதெல்லாம் போய்ப் பார்க்கவேண்டும் என்று பரிமளா அம்மாள் நினைப்பார். அந்த வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறார். ஆரணி பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கும். பயணிகள் இறங்கி டீ குடித்துவிட்டு வருவார்கள். அவர் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருப்பார். என்ன சொல்லிக்கொண்டு போவது? குருப்பட்டம் வரட்டும் என்று இருந்தார். வந்தது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று இருந்தார். இப்படியே ஆண்டுகள் போயின. ஆண்டவர் பெரிய பொறுப்புகளை யார் கையிலும் கொடுத்துவிடுகிறார். சின்னக் காரியங்களை வைத்துத்தான் நம்மைப் பார்க்கிறார் என்று பிரசங்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கிறார்.

இப்போது பேராயராக ஆரணிக்கு வருகிற முதல் தடவை. கமலத்துக்குத் தன் கையால் திருவிருந்து கொடுக்காமல் இந்த ஊரைவிட்டுப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டு வந்தார்.

*

கமலம் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் உட்கார்ந்து முறத்தில் திராட்சை ஆய்ந்துகொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க பேராயரம்மா. கோயிலாண்ட மேளம் அடிச்சுகினு கீறாங்க, நீங்க இங்க வந்து நிக்கிறீங்க?"

அக்கா என்ற சொல் வரவில்லை. பரிமளா அம்மாள் அதைக் கவனித்தார்.

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் கமலம்."

"பாருங்க. நல்லாத்தான் கீறேன். கொஞ்சம் பெருத்துட்டேன்."

ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பேராயர் உட்காரவில்லை. கறுப்புப் பெட்டியை முக்காலியில் வைத்துத் திறந்தார். சின்ன வெள்ளிக் கிண்ணமும் அப்பம் வைக்கும் தட்டும் மினுங்கின.

"அன்னைக்கு உங்கம்மா கேட்டதை நான் குடுக்கலை. இத்தனை வருஷமா அது என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு. உனக்காவது என் கையால குடுக்கணும். இப்ப எனக்கு அதிகாரம் இருக்கு."

கமலம் பெட்டியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அன்னிக்கு அதிகாரம் இல்லன்னு ஓடனீங்க. இன்னிக்கு அதிகாரத்தைத் தூக்கினு ஓடியாந்துகீறீங்க. நடுவுல ஒரு தபா சும்மா வந்து உக்காந்துட்டுப் போயிருக்கலாம்ல?"

கமலம் முறத்தை ஓரமாக நகர்த்திவைத்தாள்.

"எங்கம்மா அப்பம் கேட்டது ஒரே தபாதான். நீங்க வெளிய போனதும் எங்கிட்ட இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'பாவம்டி, அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும், நான் கேட்டிருக்கக்கூடாது'ன்னு சொல்லிச்சு. அப்பத்தோட நெனப்பு அதோட போச்சு. அதுக்கப்புறம் கேட்டதெல்லாம் உங்களத்தான். 'பரிமளா எங்கடி? வந்துட்டாளா?' தெருவுல வண்டிச் சத்தம் கேட்டா போதும், 'போய்ப் பாருடி'ன்னும். நான் வாசலுக்கும் பாய்க்குமா அலைஞ்சுகினே இருந்தேன். கடைசி மூச்சு போவும்போது நான் வாசல்ல நிக்கிறேன்."

"ஐயரை அழைச்சுட்டு வரத்தானே போனேன் கமலம்…"

"வண்டி ஓட்டனது மாணிக்கவேல் அண்ணன்தான? ஐயர் வீடு அவருக்குத் தெரியாதா? வாய்தான் இல்லியா, ஐயராண்ட சொல்றதுக்கு? நீங்க எதுக்கு பின்னால ஏறனீங்க?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். நெடுநாள் யோசித்தும் விடை தெரியாத ஒன்றைக் கேட்பதுபோல இருந்தது.

பரிமளா அம்மாள் தன்னையே கேட்டுக்கொண்டார். எதற்கு ஏறினோம்? இன்னொரு முறை பொன்னம்மாள் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் ஏறினோம். அந்தக் கண்ணுக்கு முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க முடியாமல் ஏறினோம். சட்டம் சரியா, தான் கோழையா என்று எத்தனை இரவு ஜெபத்தில் போராடியிருக்கிறார். அந்த வழக்கில் ஆண்டவரையே நடுவராக வைத்திருக்கிறார். மொபெட்டில் ஏறியதைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்பம் கொடுக்கத்தான் குருப்பட்டம் வேண்டும். சாகிறவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார எந்தப் பேரவையிடம் அனுமதி கேட்கவேண்டும்?

"கோவத்துல இல்லீங்க" என்றாள் கமலம். "கோவம்லாம் அப்பவே போச்சு. ஆனா எங்கம்மாவுக்குக் கெடைக்காதது எனக்கு தொண்டையில எறங்காது. முட்டி போடத்தான் பாக்கறேன். காலு எழ மாட்டேங்குது. நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க."

பேராயர் பெட்டியை மூடினார். அதை எடுத்து வாசல் பக்கம் ஓரமாக வைத்தார். பிறகு வெள்ளைப் புடவை கசங்கத் தரையில் உட்கார்ந்து முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கமலம் தடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்தாள். இருவரும் காம்பு கிள்ளினார்கள்.

கொஞ்ச நேரத்தில் சதீஷ் எட்டிப் பார்த்தான். "அம்மா, செயலாளர் ரொம்ப பேஜார் பண்றார். எப்ப வருவீங்கன்னு கேக்கறார்."

"வர்றேன்னு சொல்லு."

"எப்பன்னு…"

"இது முடியாம நாளைக்கு உங்க பேராயரம்மாவுக்கே வேலை இல்லன்னு சொல்லு தம்பி" என்றாள் கமலம். பிறகு பேராயரின் பக்கம் முறத்தைப் பார்த்தாள். "இதோ, காம்பை வுட்டுட்டீங்க பாருங்க."

"கண்ணு சரியாத் தெரியலை" என்றார் பேராயர். அது உண்மைதான். கண் நிறைந்திருந்தது.

*

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. மாணிக்கவேலும் வந்திருந்தார், கால் முடியாமல் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிரசங்கத்துக்காக எழுதி வைத்திருந்ததைப் பேராயர் பாதியில் நிறுத்திவிட்டார். நோயாளி வீடுகளுக்குப் போனால் அவசரப்பட்டு எழுந்து வராதீர்கள் என்று மட்டும் சொன்னார். என்ன இவ்வளவு சின்னப் பிரசங்கம் என்று சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திருவிருந்து தொடங்கியது. கிராதியைச் சுற்றிப் பந்தி பந்தியாக முழங்காலிட்டார்கள். பக்கவாட்டுக் கதவின் அருகே, பாயில், கமலம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பந்தியில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. பேராயர் கிண்ணத்தோடு கொஞ்சம் காத்து நின்றார். கமலத்தின் கை பாயில் ஊன்றுவதைப் பார்த்தார். ஆனால் அவள் எழவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் வந்துவிடுவாள் என்று தோன்றியது. கோயிலில், அத்தனை பேர் நடுவில், பேராயர் அழைத்து மறுக்க அவளால் முடியாது. அவர் அழைக்கவில்லை.

மீந்த ரசத்தை வழக்கப்படி அவரே குடித்தார். இனிப்புக்குப் பின்னால் லேசாகத் துவர்த்தது. நேற்று கண்ணில் படாமல் தான் விட்ட காம்பாகத்தான் இருக்கவேண்டும். அதையும் விழுங்கினார்.

ஆராதனை முடிந்து பின்னறையில் அங்கியைக் கழற்றியபோது சதீஷ் அவசரமாக வந்தான். "வெம்பாக்கத்துல பந்தல் போட்டு காத்துகினு கீறாங்கம்மா. இப்ப கெளம்பினாத்தான்."

கமலம் காலிப் பாட்டிலை எடுத்துப்போக வந்து கதவோரம் நின்றாள். பேராயர் பாட்டிலைத் தாமே கழுவித் துடைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவள் போகவில்லை. பாட்டிலின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போறதுன்னா வூட்டுக்கு வாங்க. நேரம் இருக்குமோ இன்னாவோ… அக்கா."

சதீஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பேராயர் அவனைப் பார்க்கவில்லை. "நட" என்று கமலத்திடம் சொன்னார். செங்கோலும் கறுப்புப் பெட்டியும் கோயிலிலேயே இருந்தன.

அந்த வீட்டில், நேற்று உட்கார்ந்த அதே இடத்தில் பரிமளா உட்கார்ந்தார். டீ சூடாக இருந்தது. பொன்னம்மாளின் பாய் அன்று விரிந்திருந்த மூலையில் இப்போது ஒரு தையல் மெஷின் இருந்தது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் அன்று மதியம் உட்கார்ந்திருந்தால் போதும். இதற்குக் கிரேக்கம் வேண்டாம், பட்டம் வேண்டாம், பேரவை ஓட்டும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடை. அதை நடந்து வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. வந்தபோது உட்காரச் சொல்ல பொன்னம்மாள் இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா அக்கா?"

டம்ளரை நீட்டினார்.

தெருவில் ஏதோ ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. பாத்திரமும் கையுமாக நின்ற கமலம் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வண்டி நிற்காமல் போய்விட்டது. மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள்.

பரிமளா அங்கேயே இருந்தார்.